மைனஸ் மைனஸ் ப்ளஸ் தானே? விடை ஒத்துவரல, அவசரம்!

நிலா82:
பையன் ஏழாவது. முழுக்கள் பாடம். விதிப்படிதான் போடுறோம், எங்களுக்கு -14 வருது, புத்தகத்துல -26. புத்தகம் தப்பா? நாளைக்குப் பரீட்சை.

பின்பெஞ்ச்:
கணக்கு எங்கேங்க?

சாக்பீஸ்:
அடைப்புக்குறி இருக்கா? இருக்கிறபடியே டைப் பண்ணுங்க.

ஒற்றைப்படை:
எந்தக் கணக்கா இருந்தாலும் மைனஸை எண்ணுங்க. இரட்டைப்படைன்னா ப்ளஸ், ஒற்றைப்படைன்னா மைனஸ். (-2)×(-3)×(-4) = -24. அவ்வளவுதான்.

நிலா82:
-20 - (-2) × (-3)

ஒற்றைப்படை:
நாலு மைனஸ். ப்ளஸ்லல்ல வரணும்?

கணக்குவாத்தி:
எண்ணுற விதி பெருக்கல், வகுத்தலுக்கு மட்டும். -20 தனி உறுப்பு, அதைச் சேர்த்து எண்ணக் கூடாது. இதெல்லாம் தெரியாம பதில் சொல்ல வந்துடுறாங்க.

சாக்பீஸ்:
நிலா, (-2)×(-3) = +6 வரைக்கும் பையன் சரி. அந்த ப்ளஸை அப்படியே -20 பக்கத்துல ஒட்டிட்டான்: -20+6 = -14. பெருக்கலுக்கு முன்னாடி இருந்த கழித்தல் குறி காணாமப் போச்சு. பெருக்கலை மட்டும் பென்சில்ல வட்டம் போடச் சொல்லுங்க. உள்ளே 6. வெளியே இருக்கிற குறியைக் கைவைக்காம அடுத்த வரியில இறக்கணும், அடைப்போட: -20 - (6) = -26.
அப்படியே -5 - 3 எவ்வளவுன்னும் கேளுங்க. 8ன்னா, பெருக்கல் விதியைக் கழித்தலுக்கும் போடுறான்னு அர்த்தம்.

பின்பெஞ்ச்:
ஏன் ப்ளஸ்னு புரிஞ்சா குழப்பமே வராது. 2×(-3) = -6, 1×(-3) = -3, 0×(-3) = 0. வரிக்கு 3 கூடுது. அடுத்தது (-1)×(-3) = 3.

கணக்குவாத்தி:
அது நிரூபணம் இல்லை. (-2)×[3+(-3)] = 0. பங்கீட்டுப் பண்பால, அதாவது அடைப்புக்குள்ள இருக்கிற ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் பெருக்கினா, -6 + (-2)×(-3) = 0. அப்போ (-2)×(-3) என்பது 6ஆதான் இருந்தாகணும்.

பின்பெஞ்ச்:
பரீட்சைக்கு முந்தின ராத்திரி பங்கீட்டுப் பண்பா சார்? அந்தக் காலத்துக் கணித மேதை பிரம்மகுப்தரே 628ல கடனை (மைனஸ்) கடனால பெருக்கினா தனம் (ப்ளஸ்)னு விதியாத்தான் எழுதினாரு.

ஒற்றைப்படை:
எக்செல்ல =-3^2 போட்டா 9, சயின்டிபிக் கால்குலேட்டர்ல -9. எது சரி?

கணக்குவாத்தி:
-9. வர்க்கம் 3க்கு மட்டும். 9 வேணும்னா (-3)². எக்செல் குறியை முதல்ல சேர்த்துக்கும். இங்கே இது தேவையா?

நிலா82:
-26 வந்துருச்சு. ஆனா -5 - 3க்கு 8ன்னுதான் சொல்றான்.

சாக்பீஸ்:
அப்போ பெருக்கலை இன்னைக்கு விடுங்க. எண்கோட்டுல -5ல இருந்து இடப்பக்கம் 3 நகரச் சொல்லுங்க. பிறகு -2 - 9, -1 - 7, 4 - (-6). விடை -11, -8, 10.