சாரத்தின் மடிப்பில் ஸ்பிரிங் கத்தி: எங்கள் அனுபவங்கள்

களக்காட்டிலிருந்து, வாழை விவசாயி:

அன்றாடம் உடன் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி தேடியபோது, கட்டைவிரலால் சற்றே தள்ளினால் மீதியை உள்ளிருக்கும் ஸ்பிரிங்கே திறந்துவிடும் ‘அசிஸ்டெட்’ வகைதான் என் மனத்தைக் கவர்ந்தது. தார் வெட்ட அரிவாள் இருக்கிறது; ஆனால் முட்டுக்கம்பில் கட்டிய கயிற்றை அறுக்கவும், உரச்சாக்கின் தையலைப் பிரிக்கவும் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. காற்றுக் காலத்தில் ஒரு கையால் வாழையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் கயிறு அறுத்தவர்களுக்கு, ஒற்றைக் கையால் திறக்கும் கத்தியின் அருமை தெரியும்.

வாங்கிய இரண்டாம் வாரம் அதைச் சாரத்தின் (லுங்கியின்) மடிப்பில் செருகிக்கொண்டு மடை திருப்பக் குனிந்தேன். கத்தியின் முதுகுப்புறம் துருத்திக்கொண்டிருந்த, தள்ளித் திறக்கும் நெம்பு எதிலோ அழுந்த, அது திறந்து, துணியைக் கிழித்து, தொடையில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறிவிட்டது. கத்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூடிய நிலையில் அந்த ஸ்பிரிங் அலகை உள்நோக்கியே பிடித்திருக்கும். ஒரு கோணத்தைக் கடந்த பின்புதான் வெளியே தள்ளும். பேன்ட் பையின் ஓரத்தில் கிளிப்பை மாட்டி, அலகின் முதுகு தையலோடு ஒட்டியிருக்கும்படி வைத்தால், தையலே அலகைத் தடுத்துவிடும். சாரத்தில் தையலும் இல்லை, கிளிப்புக்குப் பிடிமானமும் இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை வாழைக்கறை. அலகு சுழலும் அச்சில் கறை இறங்கிக் காய்ந்துவிட்டால் ஸ்பிரிங்கின் வலு போதாமல் கத்தி முக்கால்வாசியில் நின்றுவிடுகிறது. திறந்த அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டு விழுந்ததா இல்லையா என்று பார்க்காமல் அழுத்தினால் அலகு விரல்மேல் மடங்கும். மண்ணெண்ணெயில் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்றாலும், சாதாரண மடக்குக் கத்தியை விரலால் முழுக்கத் திறந்து முடிப்பதால் அங்கே இந்த ஏமாற்றம் நேர்வதில்லை. எஃகைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 12 விழுக்காடு குரோமியம் உள்ள டி2 கூர்மையை நெடுநாள் வைத்திருந்தது, ஆனால் கறையும் வியர்வையும் பட்டுப் புள்ளி புள்ளியாகத் துரு கண்டது. பிறகு வாங்கிய 14சி28என் எஃகுக் கத்தியில் அந்தத் துரு இல்லை; அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையிலிருந்து, மின்பணியாளர்:

அண்ணாச்சி எழுதியதோடு சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு, வேளாண், தொழில் கருவிகளுக்கு விலக்கும் உண்டு. அதை நம்பி என் 3 அங்குல அசிஸ்டெட் கத்தியோடு திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி புறப்பட இருந்தேன். 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டிய ஸ்பிரிங் கத்திகளையும், பட்டனை அழுத்தினால் தானே திறக்கும் பட்டன் கத்திகளையும் கட்டுப்படுத்த அங்கே 1980 முதலே தனி அறிவிக்கை இருப்பதை நண்பர் ஒருவர் சொன்னார். 3 அங்குலம் என்பது சரியாக 7.62 சென்டிமீட்டர்! கத்தியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

பட்டன் கத்தியும் இதுவும் வேறு என்று வாதிடலாம். அமெரிக்காவிலேயே பட்டன் கத்திகளுக்கு எதிரான 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தில், மூடிய நிலைக்கே இழுக்கும் ஸ்பிரிங் உள்ள கத்திகளுக்கு 2009 இல்தான் விலக்கு எழுதிச் சேர்த்தார்கள். கோயில் கொடை நாளில் இரவு வாகனச் சோதனையில் நிற்கும் காவலரிடம் இந்த வேறுபாட்டை விளக்கப் போவது யார்? ஒருமுறை என் பையில் இருந்ததைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ‘டக்’கென்ற ஒலியோடு அது விரிந்ததும் பேச்சின் தொனியே மாறிவிட்டது. கம்பிச்சுருளையும் டெஸ்டரையும் காட்டிய பிறகே விட்டார்கள். இப்போது வைத்திருப்பது கையால் திறக்கும் 2½ அங்குலக் கத்தி.

மீண்டும் களக்காட்டிலிருந்து:

தம்பி சொன்னது நியாயம். நான் ஸ்பிரிங் வகையை முற்றிலும் விட்டுவிடவில்லை. மூடிய அலகு திறக்காமல் பிடித்துவைக்கும் தள்ளுபூட்டு உள்ள ஒன்றை மாற்றி வாங்கி, தோலுறையில் போட்டுப் பெல்ட்டில் மாட்டிக்கொள்கிறேன். சாரத்தோடு தோட்டத்துக்குப் போகும் நாள்களில் அது வீட்டிலேயே கிடக்கும். சட்டைப் பையில் பழைய பேனாக்கத்தி இருக்கும்.