ஆண்டு விழா நாடகத்தில் ஏடிஹெச்டி ஜோக்: வைக்கலாமா, வெட்டணுமா?

சாக்பீஸ் சார்:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டு விழாவுக்கு ஒரு சின்ன நாடகம் எழுதியிருக்கிறார்கள். நான்தான் பொறுப்பாசிரியர். கதாநாயகன் கவனம் கந்தசாமி. பெயரில் மட்டும்தான் கவனம்.

முதல் காட்சி: வரலாறு ஆசிரியர் "முதல் பானிபட் போர் எந்த ஆண்டு?" என்று கேட்கிறார். கந்தசாமி துள்ளி எழுந்து "எக்ஸ் ஈக்வல் டு ஏழு சார்!" என்கிறான். போன பீரியடில் கேட்ட கணக்கு அவனுக்கு இப்போதுதான் முடிந்திருக்கிறது. விடை சரி என்பது வேறு விஷயம்.

இரண்டாவது: சாக்பீஸ் எடுத்துவர ஸ்டாஃப் ரூமுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வருகிறவன் கையில் உலக உருண்டை, எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேடு, தலைமையாசிரியரின் சாப்பாட்டுக் கூடை. சாக்பீஸ் மட்டும் இல்லை.

மூன்றாவது: பரீட்சையில் படம் வரைய பென்சில் சீவ ஆரம்பிக்கிறான். சீவுகிறான், சீவுகிறான். கடைசி மணி அடிக்கும்போது பென்சில் விரல் நகம் அளவுக்கு வந்திருக்கிறது. "ரெடி சார், இப்ப வரையலாம்" என்கிறான்.

ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் வகுப்பே சேர்ந்து "டேய் ஏடிஹெச்டி!" என்று கத்தும். ஏடிஹெச்டி என்றால் கவனம் நிலைக்காமலும், ஓரிடத்தில் அடங்கி உட்கார முடியாமலும் இருக்கிற குறைபாடு. இதைக் கேள்விப்பட்ட ஒரு அம்மா தலைமையாசிரியரிடம் புகார் கொடுத்துவிட்டார். தலைமையாசிரியரோ என்னைக் கூப்பிட்டு, நாடகத்தையே எடுத்துவிடலாமே என்கிறார். பிள்ளைகள் தாங்களே எழுதியது, யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. இதில் என்ன தப்பு என்று யாராவது எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார்:
ஒரு தப்பும் இல்லை சார், தாராளமாகப் போடுங்கள். வாலு, துறுதுறு, ஓரிடத்தில் உட்கார மாட்டான் என்று நாங்கள் திட்டி வளர்த்த பிள்ளைகள்தான் இன்றைக்கு ஊர் ஊராக உத்தியோகம் பார்க்கிறார்கள். இப்போது அதே துறுதுறுப்புக்கு நாலு இங்கிலீஷ் எழுத்து, ஒரு டாக்டர், ஒரு மாத்திரை. மருந்துக் கம்பெனி கட்டிவிட்ட கதைக்குப் பயந்து ஒரு நாடகத்தை நிறுத்துவதா?

சும்மா சொல்லவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. அங்கே பள்ளியில் சேர்க்க வயதுக் கணக்கு டிசம்பர் 31 வரை. அதனால் டிசம்பர் பிள்ளைதான் வகுப்பிலேயே சின்னப் பிள்ளை. ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏடிஹெச்டி என்ற முத்திரை 30 சதவீதம் அதிகமாக விழுந்திருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதம். வகுப்பில் யார் சின்னவனோ அவனுக்கு வியாதி! வளர்ந்தால் தன்னால் அடங்குகிற விஷயம் இது.

கதிரம்மா:
புகார் கொடுத்த அம்மா நான் இல்லை. ஆனால் அதே பள்ளியில் என் மகன் படித்திருந்தால் நானும் போயிருப்பேன்.

சாக்பீஸ் சார், உங்கள் பானிபட் காட்சியைப் படித்துவிட்டு நன்றாகவே சிரித்தேன். எங்கள் வீட்டில் அது தினமும் நடக்கிறது. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டால், காலையில் கேட்ட "ஷூ எங்கே?"க்கு ராத்திரி பதில் வரும். போன வாரம் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்தது. பையைத் திறந்து பார்த்தால் அத்தனையும் எழுதி, அடிக்கோடெல்லாம் போட்டு, அழகாக உள்ளே இருக்கிறது. ஏன்டா கொடுக்கவில்லை என்றால், "மிஸ் என்னைப் பார்த்து கேட்கலையே" என்கிறான். நாற்பது பேரைப் பார்த்து மொத்தமாகக் கேட்டது தன்னையும் சேர்த்துத்தான் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. இதைச் சொல்லிச் சிரிக்காமல் நான் எப்படி நாளை ஓட்டுவது?

என் பிரச்சினை சிரிப்பு இல்லை, அந்தக் கூட்டுக் கத்தல். நாடகம் அரை மணியில் முடிந்துவிடும். மறுநாள் காலையில் எவனாவது தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டால் போதும், அதே வசனம் அதே ராகத்தில் வரும். உங்கள் பள்ளியில் உண்மையிலேயே மாத்திரை சாப்பிடுகிற ஒரு பிள்ளை இருந்தால், அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த பிள்ளை, அன்றைக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்?

பாதி டீ:
எனக்கு ஏடிஹெச்டி. முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. என் பெயருக்குக் காரணம் கேட்காதீர்கள், போட்ட டீ அடுப்படியில் ஆறிக்கொண்டிருக்கிறது.

கதிரம்மா, மன்னிக்கணும், நான் சார் கட்சி. பள்ளியில் நான்தான் கந்தசாமி. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. முதலில் மற்றவர்கள் சிரித்தார்கள், அப்புறம் நானே சிரிக்க வைக்கக் கற்றுக்கொண்டேன். "இவன் தமாஷ் பேர்வழி" என்று பெயர் வாங்கிவிட்டால் "இவன் முட்டாள்" என்ற பெயர் வராது. நகைச்சுவையையும் பிடுங்கிக்கொண்டால் எங்களிடம் மிச்சம் என்ன இருக்கும்? அனுதாபமா? அது வேண்டவே வேண்டாம். எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு 'விழிப்புணர்வு' பேசுகிற நிகழ்ச்சியில் என்னால் பத்து நிமிடம் உட்கார முடியாது. அது நோயின் காரணமாகவும்தான்.

மாடிப்படி:
சிறப்புக் கல்வி ஆசிரியராக வேலை பார்க்கிறேன்.

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்ன ஆய்வு சரியானது. நாங்களும் பயிற்சியில் சொல்வோம். ஆனால் அவசரப்பட்டு முத்திரை குத்துகிறார்கள் என்பதற்குத்தான் அது ஆதாரம், அப்படி ஒன்றே கிடையாது என்பதற்கு இல்லை. இதைக் கண்டறிய விதி இருக்கிறது. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின்படி கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறி, துறுதுறுப்புக்கும் அவசரத்துக்குமாக ஒன்பது. பிள்ளைகளிடம் ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு இருக்கவேண்டும். ஆறு மாதமாவது நீடிக்கவேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரியவேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கணக்கு பீரியடில் மட்டும் ஆட்டம் போடுகிறவனுக்கு ஏடிஹெச்டி இல்லை, அவனுக்கு இருப்பது கணக்கு சார்.

மருந்துக் கம்பெனி கதைக்கும் ஒரு வார்த்தை. இதற்கு அதிகம் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட்டை ஆய்வகத்தில் முதலில் தயாரித்தது 1944-ல். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தைகள் மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியது 1902-ல். ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் கிரைட்டன், கவனம் நிலைக்காமல் தாவுவதைப் பற்றி எழுதியது 1798-ல். மாத்திரைக்கு முன்பே பையன் பிறந்துவிட்டான்.

சார், இன்னொன்று. உங்கள் இரண்டாவது காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. உட்கார முடியாமல் தவிக்கிற பிள்ளையைச் சாக்பீஸ் எடுக்க, நோட்டு விநியோகிக்க, பலகை துடைக்க அனுப்புங்கள் என்றுதான் நாங்கள் ஆசிரியர்களுக்குச் சொல்கிறோம். ஒரு நடை நடந்து வந்தால் அடுத்த பத்து நிமிடம் உட்காருவான். ஒரே நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லவேண்டும், அவ்வளவுதான். "சாக்பீஸ் எடுத்துட்டு, அப்படியே எட்டாம் வகுப்பு ரிஜிஸ்டரைக் கொடுத்துட்டு, வரும்போது குளோபைப் பார்த்துட்டு வா" என்றால் நீங்கள் எழுதியதுதான் நடக்கும். கந்தசாமி எல்லாவற்றையும் தூக்கி வந்ததற்கு முழுக் காரணம் கந்தசாமி இல்லை.

ஓய்வு வாத்தியார்:
ஸ்டில் பேசியது ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை பற்றி அம்மா. கவனத்தைப் பற்றி அல்ல. 1980-ல் ஏடிடி, அதாவது கவனக் குறைபாடு என்று பெயர் வைத்தார்கள், 1987-ல் ஏடிஹெச்டி என்று மாற்றினார்கள், 1994-ல் மூன்று வகை என்றார்கள். அடிக்கடி பெயர் மாறுகிற ஒன்றை நான் எப்படி நம்புவது?

பாதி டீ:
ஐயா, அவர்களுக்கும் ஒரு பெயரில் கவனம் நிற்கவில்லை போல.

ஜன்னலோரம்:
இவ்வளவு நேரமாகப் பையன், பையன் என்றே பேசுகிறீர்கள். கந்தசாமி, கதிர், வாத்தியார் சொன்ன வாலு, எல்லாமே ஆண் பிள்ளைகள். நான் ஒரு பெண். எனக்கும் இதேதான். ஆனால் நான் பெஞ்சில் ஏறிக் குதிக்கவில்லை, பென்சிலைத் தேய்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஆசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், உள்ளே வேறு படம் ஓடும். "அமைதியான பெண், இன்னும் கொஞ்சம் முயற்சி தேவை" என்று எல்லா ரேங்க் கார்டிலும் ஒரே வரி. பெண் பிள்ளைகளிடம் இந்தக் கவனக்குறைவு வகை அதிகம், தொந்தரவு இல்லாததால் யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. கிண்டல் வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் சண்டை போடுகிறீர்கள். எங்களைக் கிண்டல் செய்யக்கூட ஆள் இல்லை சார். நாடகத்தில் ஒரு கந்தம்மாளையும் சேருங்கள். வசனம் எதுவும் வேண்டாம். மூன்று காட்சியிலும் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கட்டும். கடைசியில் திரை விழுந்தபிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும்.

சாக்பீஸ் சார்:
ஜன்னலோரம், இதை நான் எடுத்துக்கொள்கிறேன். காப்புரிமை கேட்கக்கூடாது.

மற்றவர்களுக்கு: பிள்ளைகளின் நகைச்சுவையை நாம் திருத்த ஆரம்பித்தால் கடைசியில் மேடையில் திருக்குறள் ஒப்புவித்தல்தான் மிஞ்சும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். எனக்கு வாய்த்த வகுப்பு எதிலும் அந்தக் கணக்கு நின்றதில்லை. அத்தனை பேரில் ஒருவனுக்குத் தனியாக ஒரு வேலை, தனியாக ஒரு நடை என்றால் பாடம் எப்போது நடத்துவது? ஸ்டாஃப் ரூமில் நாங்களும் ஜோக் அடிக்கிறோம்தான். அதுவும் இல்லையென்றால் ஆசிரியர்கள் பாதிப் பேர் அழுதுகொண்டுதான் வீட்டுக்குப் போவோம்.

கதிரம்மா:
ஸ்டாஃப் ரூமில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள் சார், நாங்களும் வாட்ஸ்அப்பில் உங்களைப் பேசுகிறோம். அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவையும் படியுங்கள். அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் அது தடை செய்கிறது. நாடகம் அந்தக் கணக்கில் வரும் என்று நான் வாதாடவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

கிண்டல் செய்ய உங்களுக்கு விஷயமா இல்லை? நான் தருகிறேன். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது. ஏடிஹெச்டி தனியாக இல்லை. எழுதிக்கொண்டே வந்தவருக்கு 21-க்கு அப்புறம் கவனம் சிதறிவிட்டது! என் மகனின் மாத்திரை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மருந்துச் சீட்டை நீட்டினால் மெடிக்கலில் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஒரு சட்டத்தில் அவன் இல்லை, இன்னொரு சட்டத்தில் அவன் மாத்திரை இருக்கிறது. இதை மேடையில் போடச் சொல்லுங்கள், முதல் வரிசையில் உட்கார்ந்து விசில் அடிக்கிறேன்.

பாதி டீ:
கதிரம்மா, நீங்களே எழுதலாமே நாடகம். நான் கட்சி மாறவில்லை, ஆனால் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன். என்னை வகுப்பில் சிரிக்க வைத்தவன் நானேதான். பத்துப் பேர் சேர்ந்து எனக்குப் பட்டம் கட்டிக் கத்தியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அப்புறம் டீ ஞாபகம் வந்துவிட்டது.

ஓய்வு வாத்தியார்:
பட்டப்பெயர் வைக்காத வகுப்பு உலகத்தில் எங்காவது உண்டா? என்னையே பசங்க 'கட்டெறும்பு' என்றார்கள். நான் செத்தா போனேன்?

மாடிப்படி:
நீங்கள் பிரம்பு வைத்திருந்த கட்டெறும்பு ஐயா. வித்தியாசம் இருக்கிறது.

சாக்பீஸ் சார், கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். நாடகத்தை எடுக்கவேண்டாம். மூன்று காட்சியும் இருக்கட்டும். அந்தக் கத்தலை மட்டும் வெட்டுங்கள்.

சாக்பீஸ் சார்:
ரிகர்சலில் பெரிய கைதட்டல் அந்தக் கத்தலுக்குத்தான் மேடம்.

கதிரம்மா:
அதனால்தான் வெட்டச் சொல்கிறோம் சார்.

சாக்பீஸ் சார்:
சரி. வியாழக்கிழமை ரிகர்சலில் அந்த வசனம் இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். சாக்பீஸ் காட்சியில் ஆசிரியர் ஒரே மூச்சில் நாலு வேலை சொல்கிற மாதிரி மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆசிரியர் வேடத்துக்கு இப்போதே போட்டி, எல்லோரும் என்னை மாதிரியே பேசிக் காட்டுகிறார்கள். சிரிப்பு குறைந்தால் மறுபடி இங்கே வந்து சண்டை போடுவேன்.

கதிரம்மா:
வாங்க. அந்த உலக உருண்டையைத் திருப்பிக் கொடுத்தாச்சா என்று முதலில் பாருங்கள்.