மொசார்ட்டின் கான்செர்ட்டோனே: இரண்டு வயலின்தானா?

கேள்வி: மேற்கத்திய இசையமைப்பாளர் மொசார்ட் 18 வயதில், 1774-ல் சால்ஸ்பர்க்கில் எழுதிய கான்செர்ட்டோனேவை (அவர் படைப்புகளின் பட்டியலில் கே. 190) நேற்றிரவு கேட்டேன். இரண்டு வயலினுக்கான கான்செர்ட்டோ, அதாவது தனி வாத்தியங்கள் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு என்றார்கள், ஆனால் நடுவே ஓபோ என்ற குழல் வாத்தியம் புகுந்து அவற்றுக்குச் சமமாகப் பாடுகிறதே, என் காதில்தான் கோளாறா?

பதில் 1: கோளாறெல்லாம் இல்லை. ஓபோவுக்கும், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவுக்கும் அதில் தனியிடம் உண்டு. வாசிப்பவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிற கடென்சா என்ற தனி வாசிப்புப் பகுதியைக்கூட மொசார்ட்டே எழுதிவைத்து, ஓபோவையும் அதில் சேர்த்துவிட்டார்.

பதில் 2: 'பெரிய கான்செர்ட்டோ' என்பதுதானே பெயரின் அர்த்தமே! எனக்கு மெதுவான நடுப்பகுதிதான் உயிர். ஒரு வயலின் சொன்னதை மற்றது திருப்பிச் சொல்லும், அப்புறம் இரண்டும் சேர்ந்துகொள்ளும். மெனுயெட் என்ற நடன நடையில் வரும் கடைசிப் பகுதி கொஞ்சம் இழுவை.

கேட்டவர்: சரி, இன்றைக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு செல்லோவைத் தேடுகிறேன்.