2 மி.மீ. ஆழம் கேட்டால் 2.15 தருகிறது

வணக்கம் நண்பர்களே. பெங்களூருவில், வீட்டு கார் ஷெட்டில் உலோகத்தைச் செதுக்கும் ஒரு சின்ன மில்லிங் மெஷின் வைத்திருக்கிறேன். பீனியா தொழிற்பேட்டையில் செகண்ட்ஹேண்டாக வாங்கியது. டேபிளில் பேக்லாஷ் (கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பும்போது டேபிள் நகராமல் வீணாகும் தளர்வு) 0.3 மி.மீ. அதைச் சமாளித்துவிடுகிறேன்: எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்து நிறுத்துவேன், தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய் மறுபடி வருவேன். க்ளைம்ப் கட் (கட்டரின் பல் வெட்டும் திசையிலேயே டேபிளை நகர்த்தி வெட்டுவது) பக்கமே போவதில்லை. ஒருமுறை கட்டர் டேபிளை வெடுக்கென்று இழுத்து, 6 மி.மீ. எண்ட் மில் கட்டர் போச்சு.

தலைவலி ஆழம்தான். நேற்று அலுமினியத்தில் 2 மி.மீ. ஸ்லாட் போட்டேன். தொடக்கத்தில் 2.02, கடைசியில் 2.15. கட்டர், அதைப் பிடித்திருக்கும் காலெட்டிலிருந்து நழுவுகிறதோ என்று மார்க்கரில் கோடு போட்டுப் பார்த்தேன், இல்லை. டயல் கேஜ் வைத்தால், கைப்பிடியைத் தொடாமலே முள் மெல்ல நகர்கிறது. ஹெட் (கட்டரைச் சுழற்றும் மேல்பகுதி) தன் எடையில் இறங்குகிறது போல. ஜிப்பை (ஹெட் சறுக்கும் தடத்தில் தளர்வைக் குறைக்கும் பட்டை) இறுக்கினால் அது நிற்கிறது, ஆனால் இறக்கும்போது ஒட்டிக்கொண்டு திடீரென்று குதிக்கிறது. ஹெட்டை அசையாமல் நிறுத்தும் லாக் போட்டாலோ முள் 4 கோடு தள்ளிப் போய்விடுகிறது!

ஹெட்டைத் தாங்க கேஸ் ஸ்பிரிங் போட்டவர்கள் யாராவது உண்டா? அப்புறம், நகர்வை அளந்து காட்டும் டிஜிட்டல் ஸ்கேலை இப்போதே மாட்டலாமா, இதைச் சரிசெய்த பிறகா?