இணையத்தில் வாங்கிய போலி கோல்ஃப் மட்டைகள்: எங்கள் அனுபவங்கள்

எட்டு மாதமாக என் வீச்சைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். டிரைவரில் (பந்தை வெகுதூரம் அனுப்பும் நீண்ட மட்டை) அடித்த பந்து ஒரு நாள் வலப்பக்கம் வளைந்து போகும். மறுநாள் அதே வீச்சுக்கு உயரவே உயராது. பயிற்சியாளர் என் பிடியை மாற்றினார், நிற்கும் நிலையை மாற்றினார், பந்து வைக்கும் இடத்தை மாற்றினார். எதுவும் நிலைக்கவில்லை. ஒரு நாள் பொறுமை இழந்து என் மட்டையை வாங்கி அவரே ஒரு பந்தை அடித்தார். அடித்த கையோடு அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார்.

இணையச் சந்தை ஒன்றில், முகம் தெரியாத ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது. அப்போதுதான் வெளிவந்திருந்த மாடல், கடை விலையில் பாதிக்கும் குறைவு. பரிசாக வந்தது, தனக்குத் தேவைப்படவில்லை என்று அவர் எழுதியிருந்தார். நம்பினேன். பெட்டியைப் பிரித்ததும் கைப்பிடி உறையான கிரிப்பிலிருந்து ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. தலையுறையின் ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. இரண்டையும் பார்த்தேன், இரண்டுக்கும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மலிவாகக் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி கண்ணை மறைத்துவிட்டது.

பயிற்சியாளர் தன் தொப்பியில் பந்துக் குறியை ஒட்டிவைக்கும் சிறு காந்தத்தைக் கழற்றி டிரைவரின் முகப்பில் வைத்தார். கப்பென்று பிடித்துக்கொண்டது. டைட்டானியத்தைக் காந்தம் ஈர்க்காது. டைட்டானியம் என்று பொறித்திருந்த என் மட்டையின் முகப்பு வெறும் எஃகு.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

* * *

ஐயா, நான் மட்டைகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். உங்களைப் போல ஏமாந்தவர்கள் என் மேசைக்கு அடிக்கடி வருகிறார்கள். பெரும்பாலானோருக்கு அது போலி என்று தெரியாது. கிரிப் மாற்றவோ கோணம் திருத்தவோ கொண்டுவருவார்கள். செய்தியைச் சொல்லும் வேலை எனக்கு வந்து சேரும்.

முதலில் காந்தத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டிரைவரின் டைட்டானியம் முகப்புக்கு அந்தச் சோதனை பொருந்தும். அடிப்பகுதியில் உள்ள எடைத் திருகுகளின் மேல் வைத்துவிட்டுப் பதறாதீர்கள், அவை எஃகாக இருக்கலாம். அயர்ன்களுக்கு (உலோகத் தகடு போன்ற தலையுள்ள, எண் இட்ட மட்டைகள்) கணக்கு தலைகீழ். கார்பன் எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்கிய அயர்னைக் காந்தம் இறுகப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அது துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருக்கலாம். காந்தம் ஒட்டியதாலேயே அயர்ன் அசல் என்றும் ஆகிவிடாது. போலிகளிலும் எஃகில் செய்தவை உண்டு.

டிரைவரில் எஃகைப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் சுமார் 4.5 கிராம், எஃகு சுமார் 7.8 கிராம். விதிகள் அனுமதிக்கும் பெரிய தலை 460 கன சென்டிமீட்டர். அதன் எடை வழக்கமாக 200 கிராமை ஒட்டி இருக்கும். அதே பருமனை எஃகில் செய்து அதே எடைக்குள் அடக்க வேண்டுமானால் சுவரை மிக மெல்லியதாக்க வேண்டும். போலி செய்பவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. தலை கனத்துப்போகும், அல்லது பொறித்த அளவைவிடச் சிறியதாக இருக்கும். எடை எங்கே விழுகிறது என்பதற்கு ஒரு கணக்கும் இருக்காது. பந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம் போனதற்கு உங்கள் கையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

ஒருவர் புது அயர்ன் தொகுப்பைக் கொண்டுவந்து லை கோணத்தை (தண்டு தரையோடு சாய்ந்து நிற்கும் கோணம்) 2 டிகிரி நிமிர்த்தச் சொன்னார். அடித்து உருவாக்கிய எஃகு என்றால் அது எளிய வேலை. இடுக்கியில் பூட்டி மெதுவாக அழுத்தினேன். மட்டையின் தண்டான ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் ஹோசல் பகுதி பட்டென்று முறிந்தது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. நான்தான் உடைத்துவிட்டேன் என்று ஒரு கணம் நடுங்கிப்போனேன். பிறகு மற்றவற்றை அளந்தேன். பக்கத்து எண் அயர்ன்களுக்கு இடையே லாஃப்ட் (முகப்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) வழக்கமாக 4 டிகிரி அளவில் கூடிக்கொண்டு போகும். அந்தத் தொகுப்பில் ஏழுக்கும் எட்டுக்கும் 1 டிகிரிகூட வித்தியாசம் இல்லை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் 6 டிகிரி. அந்த மனிதர் ஒரு பருவம் முழுவதும் எட்டாம் எண் அயர்னில் தூரம் கணிக்க முடியவில்லையே என்று கலங்கியிருக்கிறார்.

தலையையும் ஷாஃப்டையும் இணைக்கும் பசையும் என்னைக் கவலைப்பட வைக்கிறது. போலிகளில் அந்த இணைப்பின் மேல் இருக்கும் ஃபெரூல் வளையம் தளர்ந்து, ஓரத்தில் பசை பிதுங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிடிமானம் இல்லாத தலை வீச்சின் நடுவே கழன்று பறந்தால், எதிரே நிற்பவர் என்ன ஆவார் என்று நினைத்துப் பாருங்கள்.

* * *

என் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு ஸ்காட்டி கேமரன் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை) வாங்கிக் கொடுத்தேன். சுற்றுப்பயண ஆட்டக்காரர்களுக்கென்று செய்யப்படும், வட்டத்துக்குள் டி எழுத்து பொறித்த வகை. சான்றிதழ் அட்டைகூட உடன் வந்தது. அப்பா மிகவும் மகிழ்ந்தார். இரண்டு ஆண்டுகள் அதை வைத்தே ஆடினார்.

அவருடைய நண்பர் ஒருவர்தான் ஒரு நாள் என்னிடம் சொன்னார். அசலில் உலோகக் கட்டியை இயந்திரத்தால் கடைந்தெடுத்த கோடுகள் ஒரே சீராக, விரலுக்குத் தட்டுப்படும்படி இருக்குமாம். இதிலோ வார்த்த தலையின் மேல் கோடுகளை ஒப்புக்குக் கீறியிருந்தார்கள். எழுத்துகளின் வண்ணமும் ஓரம் தாண்டி வழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். முதல் நாளே தெரியும் என்றார். என் மனம் நோகக் கூடாது என்று சொல்லவில்லையாம்.

இரண்டு ஆண்டுகள் அவர் தவறவிட்ட ஒவ்வொரு குறுந்தட்டலும் எனக்கு நினைவு வருகிறது. அந்த விற்பனையாளரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

* * *

அம்மா, உங்கள் அப்பா பெரிய மனிதர்.

என் கதை பணத்தைத் திரும்பப் பெற்ற கதை. அயர்ன் தொகுப்பு போலி என்று புகார் செய்ததும் விற்பனையாளர் மிகப் பணிவாகப் பதில் எழுதினார். முதலில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். மறுத்தேன். பிறகு என் செலவில் வேறொரு நாட்டு முகவரிக்கு அனுப்பச் சொன்னார். அந்த அஞ்சல் செலவு, கொடுத்த விலையை நெருங்கியது. இப்படியே பேச்சை வளர்த்துப் புகாருக்கான கால வரம்பைக் கடத்துவதுதான் நோக்கம் என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. நல்லவேளையாகக் கடன் அட்டையில் பணம் செலுத்தியிருந்தேன். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் ஒருவரிடம் மட்டைகளைக் காட்டி, இவை போலி என்று எழுதி வாங்கினேன். அந்தக் கடிதத்தையும் படங்களையும் உரையாடல்களையும் சேர்த்து வங்கியில் முறையிட்டேன். பணம் முழுவதும் வந்தது.

நேரடியாகப் பணம் மாற்றியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

* * *

போட்டிகளில் ஆடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ இரண்டும் அனுமதிக்கப்பட்ட டிரைவர் தலைகளின் பட்டியலை வெளியிடுகின்றன. பெயரும் லாஃப்டும் பட்டியலில் உள்ளதைப் போலவே பொறிக்கப்பட்டிருப்பதால் போலித் தலை அனுமதி பெற்றதாகிவிடாது. விதிக்கு ஒவ்வாத மட்டையால் ஓர் அடி அடித்தாலே தகுதி நீக்கம். எங்கள் அணியில் ஒரு இளைஞர் போட்டிக்கு முந்தைய மாலை தன் டிரைவர் போலி என்று கண்டுபிடித்துக் கடன் வாங்கிய டிரைவருடன் ஆட நேர்ந்தது.

* * *

பழுதுபார்ப்பவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. ஹோசலில் வரிசை எண் இருந்தால் நம்பலாமா? பழைய மட்டையை எப்படி வாங்குவது?

* * *

எண் இருப்பது மட்டும் போதாது தம்பி. போலி செய்பவர்களும் எண் பொறிக்கிறார்கள். ஒரே எண்ணை நூற்றுக்கணக்கான மட்டைகளில் அடித்துவிடுவதும் உண்டு. அந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்திடம் கொடுத்துக் கேளுங்கள். பிங் நிறுவனத்தின் எண்ணைக் கொண்டு அந்த மட்டை முதலில் எந்த அளவுகளில் செய்யப்பட்டது என்பதையே அறியலாம். அவர்கள் லை கோணத்தை ஹோசல் அருகில் வண்ணப் புள்ளியால் குறிப்பார்கள். கறுப்புப் புள்ளி என்றால் இயல்பான கோணம். புள்ளி ஒன்று சொல்லி, அளந்த கோணம் வேறொன்று சொன்னால் உடனே விலகுங்கள்.

பழையதை வாங்கும்போது விளம்பரப் படத்தை ஏற்காதீர்கள். அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, ஹோசல் எண்ணுக்கு அருகில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மட்டை கையில் இருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம். கேலவே போன்ற சில நிறுவனங்கள் தாங்களே சோதித்த பழைய மட்டைகளை விற்கின்றன. விலை சற்றுக் கூடினாலும் என் வீட்டாருக்கு அங்கேதான் வாங்குவேன்.

புது மாடல் என்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலோடு நின்றுகொள்ளுங்கள். நடப்பு மாடலுக்கு இதற்குக் கீழே விளம்பரம் செய்யக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் ஒரு விலையை வைத்திருக்கிறார்கள். அதனால் புத்தம் புது மாடல் பாதி விலையில் வருவதற்கு நேர்மையான காரணம் இருப்பது மிக அரிது. போட்டி நிறுவனங்களான அக்குஷ்நெட், கேலவே, பிங், டெய்லர்மேட் முதலியவை 2004-இல் அமெரிக்காவில் போலிகளுக்கு எதிராக ஒரே குழுவாகச் சேர்ந்தன. ஒன்றோடொன்று வழக்காடும் நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தன என்றால் தொல்லை எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

* * *

எல்லோருக்கும் நன்றி. அந்த டிரைவரை விற்க மனம் வரவில்லை, இன்னொருவர் கையில் போய்விடக் கூடாது. பயிற்சியாளர் அதை இரண்டாக அறுத்துத் தன் மாணவர்களுக்குக் காட்ட எடுத்துக்கொண்டார்.

இப்போது அவருடைய பழைய டிரைவரைக் கடனாக வாங்கி ஆடுகிறேன். எட்டு மாதமாக ஒரு கோணல் மட்டைக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்ட என் வீச்சு, அசல் மட்டையில் பந்தை இடப்பக்கம் இழுக்கிறது. பிடியை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். இன்னும் மூன்று மாதமாவது ஆகும் என்கிறார்.