கத்திரி வெயிலு, ஆனி ஆடிக் காத்து, உப்புத்தண்ணி: நம்ம திருநெல்வேலிப் பக்கம் வீட்ல காய் வளக்கவங்க அனுபவம்

பாளையங்கோட்டை:

சித்திரை பொறந்ததும் எங்க வளவுல எல்லா வீட்லயும் ஒரே பொலம்பல், தக்காளி நல்லாப் பூக்கு ஆனா காம்போட கொட்டிருதுன்னு. உரக்கடையில போயி கேட்டா ஒரு டானிக்க குடுத்து விடுதாவ, அடுத்த வாரம் வேற ஒண்ணு. அது சத்துக் கொறையே இல்ல மக்களே, வெயிலு. பகல்ல 35 டிகிரியத் தாண்டி ராத்திரியும் 25க்குக் கீழ எறங்கலேன்னா தக்காளி மகரந்தம் செத்துப்போவும், பெறவு பூ எப்படி காயாப் புடிக்கும். நம்ம பாளையில மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு மொட்டமாடிக்குப் போனாலும் தளம் கால சுடுது. அதனால நான் தக்காளி நாத்து ஐப்பசியிலதான் விடுதேன், கார்த்திகை மழை கொஞ்சம் அடங்குனதும் எடுத்து நட்டா தை, மாசி, பங்குனி மூணு மாசமும் கடைக்குப் போவ வேண்டாம். பழைய செடி சித்திரையில நின்னா ரெண்டு கிளைய விட்டு மத்தத வெட்டிவிட்டு சும்மா உசுரோட வச்சிருக்கலாம், அவ்வளவுதான், அதுகிட்ட காய் கேக்கக்கூடாது.

சித்திரைக்குன்னே காய் இருக்குல்லா. வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை, இதெல்லாம் வெயிலக் கண்டாத்தான் துள்ளும். வெண்டை விதைய ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு காலைல ஊனுனா அஞ்சாறு நாள்ல மொளச்சிரும், ஒன்றரை மாசத்துல காய் பறிக்கலாம். இல நரம்பு மஞ்சளாப் போற நோய் வருதுன்னு நெறைய பேரு சொல்லுதாவ, அத வெள்ளை ஈ கொண்டாந்து பரப்புது, ஒரு செடியில கண்டா அந்தச் செடியப் புடுங்கிரணும், பாவம் பாக்கக்கூடாது. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிச்ச ஆர்கா அனாமிகா ரகம் இந்த நோயத் தாங்குததுக்குன்னே வந்தது, எங்க வீட்ல அதான் ஓடுது. வேப்பெண்ணெய் தெளிக்கவங்க லிட்டருக்கு அஞ்சு மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து, பொழுது சாஞ்ச பொறவு தெளிங்க. வெயில்ல தெளிச்சா இல பொசுங்கிரும்.

இன்னொண்ணு, கருப்புத் தொட்டி, கருப்பு பை. மத்தியானம் ரெண்டு மணிக்கு அதோட மேற்குப் பக்கத்துல கைய வச்சுப் பாருங்க, வைக்க முடியாது. உள்ள வேரு வெந்துட்டுக் கெடக்கும், நாம மேல தண்ணி ஊத்திக்கிட்டே இருப்போம். நான் தொட்டியெல்லாம் நெருக்கி வச்சு மேற்கால சாக்க நனைச்சுச் சுத்திருதேன், அடியில ரெண்டு செங்கல். மண்ணு மேல வாழைச்சருகு, ஒரு சாண் கனத்துக்கு. வாழை இல்லாத ஊரா நம்ம ஊரு? அந்தச் சருகத் தூக்கிட்டு வெரல விட்டுப் பாத்தா உச்சி வெயில்லயும் மண்ணு குளுந்து பொதபொதன்னு இருக்கு, மண்புழு மேல வந்து நெளியுது. மூடாக்கு போடாத தொட்டியில அதே நேரம் மண்ணு வெடிச்சு ஓரத்த விட்டு விலகி நிக்கு, ஊத்துத தண்ணி அந்த இடுக்கு வழியா நேரே கீழ ஓடிருது. இத ஒருதரம் கண்ணால பாத்தவங்க பெறவு மூடாக்கு போடாம இருக்க மாட்டாவ.

உங்க உங்க ஊர்ல எப்படின்னு எழுதுங்க, ஏன்னா பாளைக்குச் சரியா வர்றது தென்காசிக்கு வராது.

பணகுடி:

அக்கா, எங்களுக்கு வெயில விட காத்துதான் வில்லங்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வருத காத்து வைகாசி கடைசில ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் ஓயாது, சுத்தி கரண்டு எடுக்க இவ்வளவு காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்கான். தண்ணி ஊத்தி ஒரு மணி நேரத்துல இல தொங்கிரும், தண்ணி பத்தலேன்னு இன்னும் ஊத்துவாவ, வேரு அழுவும். காத்து இலையில உள்ள ஈரத்த உறிஞ்சுத வேகத்துக்கு வேரு குடுக்க முடியல, அதான் காரணம். மேற்குப் பக்கம் பனை ஓலைத் தட்டியோ அம்பது சதவீத நிழல் வலையோ கட்டுங்க. தகரமோ செவரோ வேண்டாம், காத்து அதுல முட்டி மேல ஏறி அந்தப் பக்கம் சுழண்டு விழும், செடி இன்னும் முறியும். ஓட்ட இருக்கணும், காத்து வடிஞ்சு வரணும். அகத்திய ஓரமா நட்டா தடுக்கும்னு சொல்லுவாவ, எங்க ஊர் காத்துக்கு அகத்தி, முருங்கை ரெண்டும் பாதியில ஒடியுது.

பெறவு பீர்க்கு. காத்துக்காலத்துல தேனீயே வராது, பிஞ்சு எல்லாம் மஞ்சளாயி சூம்பிப் போவும். பீர்க்கம்பூ சாயங்காலம் வெளக்கு வைக்குத நேரத்துலதான் விரியும், அப்ப நாமளே சேத்துவிடணும். பொட்டப்பூவுக்கு அடியில வெரல் நீளத்துல குட்டிப் பீர்க்கங்காய் இருக்கும், ஆம்பளப்பூவுக்கு வெறும் காம்புதான். ஆம்பளப்பூவக் கிள்ளி இதழப் பிச்சுட்டு நடுவுல உள்ள மஞ்சத்தூள பொட்டப்பூவோட நடு முனையில மெதுவா தடவிவிட்டா போதும். மறுநா காலையில பிஞ்சு நிமிந்து பச்சையா இருந்தா புடிச்சிட்டுன்னு அர்த்தம். சொரைக்கும் இதே நேரந்தான், பாகலுக்கு மட்டும் காலைல செய்யணும். எங்க அம்மைக்கு இது தெனமும் சாயங்கால வேலை, டிவி சீரியல கூட விட்டுருவா.

திசையன்வெளை:

அண்ணாச்சி சொன்ன காத்து எங்களுக்கும் உண்டு, கூட உப்புத்தண்ணி வேற. போர் தண்ணி ஊத்த ஊத்த தொட்டி விளிம்புல வெள்ளையா பூத்து நிக்கும், பீன்ஸ் போட்டா இல ஓரம் கருகிரும், அது உப்பக் கொஞ்சமும் தாங்காது. கொத்தவரை தாங்கும், முருங்கை தாங்கும், கீரையில பாலக்கு தாங்கும். தெனமும் கொஞ்சங் கொஞ்சமா தெளிக்கத விட ஒருநாள் விட்டு ஒருநாள் அடி ஓட்ட வழியா வடியுத அளவு ஊத்துங்க, உப்பு கரைஞ்சு எறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில தொட்டிய நிழல்ல ஒதுக்காம வெட்டவெளியில வச்சிருங்க, வருசம் பூரா சேந்த உப்பு அப்பத்தான் கழுவிப் போவும். தேரி மண்ணுல, அதான் எங்க பக்கத்துச் செம்மணல்ல, தண்ணி நிக்காதுன்னு சொல்லுதவங்க கொளத்துக் கரம்பை, அதாவது கொளத்து அடி வண்டல், கெடைச்சா மூணுல ஒரு பங்கு கலந்து பாருங்க, மண்ணு கையில புடிச்சா உருண்டை நிக்கும்.

ஸ்ரீவைகுண்டம்:

வெயிலப் பத்தியே பேசுதோம், மழையையும் மறக்கக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்ப தாமிரவருணி எங்க பொறவாசல் வழியாத்தான் போச்சு. தண்ணி வடிஞ்சதும் வண்டல் ஒரு அடி, காஞ்சு பாளம் பாளமா கெட்டியாயிட்டு. அதுல ஒடனே கத்திரி நட்டவங்களுக்கு வேருக்கு மூச்சு முட்டிச் செத்துது. சாணி, சருகு போட்டுக் கொத்திக் கொத்தி மொதல்ல கீரைதான் வெதச்சோம். அன்னையிலிருந்து மேட்டுப்பாத்திதான், மொழங்கால் உயரத்துக்கு.

கடையம்:

மலையடிவாரம்ங்கதால எங்களுக்கு ஆனி, ஆடியில சாரல். பாளைக்காரங்க நிழல் வலை தேடுத நேரத்துல நாங்க நாத்து அழுவாம இருக்க வெயிலத் தேடுவோம். ஆனா எங்க மண்ணுக்கும் இந்தப் பருவத்துக்கும்னே ஒரு காய் இருக்கு, சிறுகிழங்கு. பொங்கலுக்கு சிறுகிழங்குப் பொரியல் இல்லாத வீடு நம்ம பக்கம் உண்டா? அத கடையிலதான் வாங்கணும்னு நெனைக்காதீங்க, சாக்குல கூட வெளையும். வைகாசியில நல்ல கிழங்கா பாத்து மணல் கலந்த மண்ணுல பொதச்சு வச்சா கொடி வரும், ஆடி, ஆவணியில கொடி நுனிய ஒரு சாண் நறுக்கி படுக்க வச்சு நடணும். கொடி ஓட ஓட கணுவுக்கு மேல மண்ண அணைச்சுக்கிட்டே வரணும், அந்த வேலையில சோம்பல் பட்டா கிழங்கு சுண்டைக்கா அளவுலயே நின்னுரும். பகல் பொழுது கொறையுத மார்கழியிலதான் திரளும், தையில வெட்டலாம். தோல் உரிக்கதுதான் பெரும்பாடுன்னு எல்லாரும் பயப்படுதாவ, சாக்குல போட்டுக் கட்டி கல்லுல நாலு தட்டு தட்டி ஒரசுனா முக்காவாசி தோல் போயிரும், அப்ப வருத அந்த மண்வாசனை கலந்த மணம் வேற எந்தக் கிழங்குலயும் கெடையாது.

மானூர்:

அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். தையில போட்ட அவரை பந்தல் நெறைய ஏறி நிக்கு, கரிசல் மண்ணு, தண்ணிக்குக் கொறை இல்ல, ஒரு பூ கூட இல்ல. என்ன மருந்து அடிக்க?

பாளையங்கோட்டை:

தம்பி, மருந்து ஒண்ணும் அடிக்காதீங்க, செடியில கோளாறே இல்ல. பந்தல் அவரைக்கு ராத்திரி நீளமா இருந்தாத்தான் பூ வைக்கணும்னு தோணும். ஆடியில போட்டா கார்த்திகையில இருந்து பங்குனி வரை கொத்துக் கொத்தா காய்க்கும், தையில போட்டா வளந்து வருததுக்குள்ள பகல் நீண்டிருது, அது பாட்டுக்கு இலையா விட்டுட்டுப் போவும். ஆடிப்பட்டம்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல. உங்க கொடிய வெட்டி மாட்டுக்குப் போடுங்க, இல்ல கத்திரிப் பாத்திக்கு மூடாக்காப் போடுங்க, பந்தலப் பிரிக்க வேண்டாம், ஆடியில அதே குழியில புது விதை ஊனுங்க. அதுவரைக்கும் பொறுக்க முடியாதுன்னா செடியவரை வாங்குங்க, இடுப்பு உயரந்தான் வரும், அதுக்கு மாசக் கணக்கு கெடையாது.

கடையம் அண்ணாச்சி, உங்க கொடி நுனி எனக்கும் ஒரு கட்டு வேணும், ஆடியில நானே வந்து வாங்கிக்கிடுதேன்.