மகனுக்கு மெய்ன் மாநிலத்தில் பெண் மூஸ் வேட்டை பர்மிட் விழுந்திருக்கிறது, நான் கூடப் போகலாமா?

பழைய_ஆய்வாளர் (காவேரிப்பட்டணம்):

எல்லாருக்கும் வணக்கம். நான் கால்நடை ஆய்வாளராக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளேயே காலம் போயிற்று. மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டான். வகுப்பு படித்து லைசென்ஸ் எடுத்து, நாலைந்து வருஷமாக மான் வேட்டைக்குப் போகிறான்.

அங்கே மெய்ன் மாநிலத்தில் மூஸ் (மான் இனத்திலேயே பெரியது) வேட்டைக்குக் குலுக்கல் நடக்கும். ஆறு வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். வெளி மாநிலத்துக்காரர்களுக்கு மொத்த பர்மிட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லையாம். இந்த ஜூனில் பெயர் விழுந்துவிட்டது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன் போட்டு, "அப்பா, விழுந்திருச்சு" என்றான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்குத்தான் அவன் குரலை அப்படிக் கேட்டிருக்கிறேன்.

கிடைத்திருப்பது கொம்பில்லாத மூஸுக்கான பர்மிட். பெட்டை அல்லது கன்று. அக்டோபர் கடைசியில் ஒரு வாரம். அந்தச் சமயம் நானும் வீட்டுக்காரியும் விசிட்டர் விசாவில் அங்கே இருப்போம். "நீயும் வாப்பா, அறுக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்" என்கிறான்.

விசிட்டர் விசாவில் வந்தவன் துப்பாக்கியைத் தொடலாமா? அவ்வளவு பெரிய உடம்பைக் காட்டுக்குள்ளிருந்து எப்படி வெளியே கொண்டுவருகிறார்கள்? இந்த இரண்டுக்கும் யாராவது பதில் சொல்லிவிடுவீர்கள். மூன்றாவதுதான் என்னைத் தூங்க விடவில்லை. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்னால் என் தாத்தா அஞ்செட்டிக் காட்டில் வேட்டைக்குப் போனவர். வயிற்றில் குட்டி இருப்பதைத் தொடவே கூடாது என்பார். நானோ மாட்டின் வயிற்றில் கை விட்டுச் சினை பார்த்தே குடும்பம் நடத்தியவன். மூஸ் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் சேரும் என்று படித்தேன். அப்படியென்றால் மகன் சுடப்போகும் பெட்டை மூன்று நாலு வாரச் சினையாக இருக்கும். ஒரு அரசாங்கமே பெட்டையைச் சுடச் சொல்கிறதே, ஏன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்:

ஐயா, முதலில் வாழ்த்துகள். சொந்த ஊர் பாலக்கோடு, இருப்பது பாஸ்டன். 2022-இல் நண்பருக்கு இதே மாதிரி பர்மிட் கிடைத்தது, நான் அவருடைய துணை வேட்டைக்காரனாகப் போனேன். அப்போது வெளி மாநிலத்தவருக்கு பர்மிட் 585 டாலர், அதற்கு மேல் வேட்டை லைசென்ஸ் ஆளுக்கு 115 டாலர். இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி சேர்ந்தேதான் வேட்டையாட வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மிருகம்.

துப்பாக்கியைத் தொடாதீர்கள் ஐயா. விசிட்டர் விசாவில் இருப்பவர் அங்கே துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படியே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அந்த லைசென்ஸ் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றோ, பழைய லைசென்ஸோ காட்ட வேண்டும். "கொஞ்ச நேரம் பிடிப்பா" என்று மகன் நீட்டினாலும் வாங்காதீர்கள். உங்கள் வேலை மிருகம் விழுந்த பிறகுதான், அது சின்ன வேலையும் இல்லை.

எங்கள் பெட்டை விழுந்த இடத்தைச் சொல்கிறேன். மரம் வெட்டும் லாரிகள் போகும் மண் ரோட்டிலிருந்து முந்நூறு மீட்டர்தான். ஆனால் நடுவில் முழங்கால் வரை சேறு, மேலே பாசி மூடியிருக்கும். குடலை எடுத்த பிறகும் இருநூறு கிலோவுக்குக் குறையாது. முழுசாக இழுக்கலாம் என்று ஒரு மணி நேரம் போராடினோம், பத்தடி கூட நகரவில்லை. அப்புறம் அதே இடத்தில் தோலை உரித்து, நாலு காலையும் தனித்தனியாகப் பிரித்து, துணிப் பைகளில் போட்டு, மூங்கில் தூளியில் ஆளைச் சுமப்பது மாதிரி ஒரு கம்பில் கட்டிச் சுமந்தோம். காலை எட்டு மணிக்குச் சுட்டது, கடைசி நடை முடிந்தபோது மணி மூன்று. அதனால் மகனிடம் சொல்லி வையுங்கள்: சுடலாமா வேண்டாமா என்பதை மிருகம் நிற்கிற இடம்தான் முடிவு செய்ய வேண்டும். சதுப்புக்குள் நின்றால் விட்டுவிடட்டும், ஆறு நாள் இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை, அங்கே ஞாயிற்றுக்கிழமை வேட்டை கிடையாது.

குளிர் இருக்கிறதே என்று நம்பவும் கூடாது. தோல் அவ்வளவு தடிப்பு, உரிக்காமல் வைத்தால் உள்சூடு தொடை எலும்பு வரை நின்று கறி கெட்டுவிடும். இன்னொன்று, ஐயா. நம் ஊரில் கிடா வெட்டினால் முதலில் வாணலியில் ஏறுவது ஈரல்தானே? மூஸ் ஈரலையும் சிறுநீரகத்தையும் சாப்பிட வேண்டாம் என்று மெய்ன் அரசே சொல்கிறது. காட்மியம் என்ற நச்சு உலோகம் அதில் சேர்ந்திருக்கும். அதை மட்டும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

தருமபுரிக்காரி:

அண்ணா, உங்கள் மூன்றாவது கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். நானும் கால்நடை மருத்துவம் படித்தவள், இப்போது நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறேன்.

காரணம் உண்ணி. நம் மாட்டு உண்ணி ஒரே மாட்டின் மேலேயே குஞ்சாக ஏறி, வளர்ந்து, இரத்தம் குடித்து, முட்டையிட மட்டும் கீழே விழும் இல்லையா? இங்கே மூஸின் மேல் ஏறும் குளிர்கால உண்ணியும் அதே ஜாதிக் குணம்தான். இலையுதிர் காலத்தில் குஞ்சு உண்ணிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு செடி நுனியில் கொத்தாகத் தொங்கும். மூஸ் உரசிக்கொண்டு போனால் கொத்தோடு ஏறிவிடும். முன்பெல்லாம் சீக்கிரம் பனி விழுந்து அவை செத்துப்போகும். இப்போது இலையுதிர் காலம் நீண்டுகொண்டே போகிறது. ஒரே கன்றின் மேல் பல பத்தாயிரம் உண்ணிகளை எண்ணியிருக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் பெண் உண்ணிகள் ஒரே சமயத்தில் ஊதிப்பெருகும்போது, பத்து மாதக் கன்று இரத்தம் வற்றி நின்ற இடத்திலேயே சாயும். அப்படிச் செத்த கன்று ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. உரசி உரசித் தோள்பட்டையில் முடியே இல்லை.

மூஸ் நெருக்கமாக இருக்கும் காட்டில்தான் உண்ணியும் பெருகும். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமென்றால் கிடாவைச் சுட்டுப் பயனில்லை, பெட்டையைக் குறைக்க வேண்டும். மெய்னில் 2021-இல் ஒரு வேட்டை மண்டலத்தைப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் கொம்பில்லாத பர்மிட்டை அதிகமாகக் கொடுத்து, கன்றுகள் பிழைக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். உங்கள் தாத்தா சொன்னது அந்தக் காட்டுக்குச் சரி. இந்தக் காட்டில் கணக்கு வேறு.

உங்களுக்கென்றே ஒரு வேலையும் இருக்கிறது. சுட்ட மிருகத்தைப் பதியும் நிலையத்தில் வயது பார்க்க ஒரு பல்லைப் பிடுங்குவார்கள். பெட்டை என்றால் சினைப்பைகளையும் (ஓவரி) எடுத்துவரச் சொல்வார்கள். அதை வெட்டிப் பார்த்து, கருமுட்டை வெளிவந்த இடத்தில் உண்டாகும் மஞ்சள் கட்டி, அதாவது கார்பஸ் லூட்டியம், எத்தனை என்று எண்ணுவார்கள். உடம்பு தேறிய பெட்டை இரட்டைக் கன்று போடும், மெலிந்தது ஒன்றோடு நிற்கும் அல்லது சினையே பிடிக்காது. பல வேட்டைக்காரர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. உங்கள் கைக்குத் தெரியும்.

நுரையீரலில் நீர்க்கட்டி இருந்தால் அது ஹைடாடிட், நாய் நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம், என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாய்க்குப் போட விடாதீர்கள்.

மலையோரம் (தேன்கனிக்கோட்டை):

எனக்கு மனசு ஒப்பவில்லை. கன்றோடு நிற்கும் பெட்டையைச் சுட்டால் அந்தக் கன்று என்ன ஆகும்?

தருமபுரிக்காரி:

நியாயமான கேள்வி. மே மாதம் பிறந்த கன்று அக்டோபர் கடைசியில் மேய்ந்து பிழைக்கும், ஆனாலும் தாயோடுதான் சுற்றும். தனியாக நிற்கும் பெட்டைக்காகக் காத்திருக்கலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. அண்ணா, மகனிடம் இதை நீங்களே சொல்லலாம். பெட்டைதானா என்று உறுதி செய்ய வாலுக்குக் கீழே வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பைனாகுலரில் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய_ஆய்வாளர்:

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். கன்றோடு நிற்பதைச் சுடுவதில்லை, முதல் நாலு நாள் தனிப் பெட்டைக்காகக் காத்திருப்பது, கிடைக்காவிட்டால் அப்புறம் யோசிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். துப்பாக்கி அவன் கையிலும் அவன் நண்பர் கையிலும் மட்டும். தேன்கனிக்கோட்டைத் தம்பி கேட்ட கேள்விதான் அவனை அதிகம் யோசிக்க வைத்தது.

கிருஷ்ணகிரியில் கால்நடை மருந்துக் கடைக்குப் போய், தோள்வரை வரும் பிளாஸ்டிக் கையுறை ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாங்கள் கருவூட்டலுக்குப் போட்டுக்கொள்ளும் அதே உறை. கத்தியை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

தருமபுரித் தங்கச்சி, ஒன்று மட்டும் சொல்லம்மா. சினைப்பையை நிலையத்துக்குக் கொண்டுபோகும் வரை ஐஸில் வைத்தால் போதுமா, உறைய விடலாமா? வெட்டும்போது கார்பஸ் லூட்டியம் கலைந்துவிடாமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

தருமபுரிக்காரி:

ஐஸ் போதும் அண்ணா, உறைய விடாதீர்கள். சின்ன பையில் தனியாகப் போட்டு, தண்ணீர் உள்ளே போகாமல் கட்டுங்கள். இடது வலது இரண்டும் வேண்டும்.